ஏற்றத்தில் வலிக்காத வண்டி

எங்கள் தெருவில் வண்டிகளுக்கு வலிக்கும். வலிக்காவிட்டால்தான் கவலைப்படுவார்கள், மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போவார்கள். சமீபத்தில் கோவில்பட்டியிலிருந்து என் மனைவியின் தம்பி வந்திருந்தான். காலையில் பல் தேய்த்துக்கொண்டு வாசலில் நின்றவன், எதிர்வீட்டு ஹம்ஸக்கா தன் பழைய ஸ்கூட்டரைத் தட்டிக்கொடுத்து, "இப்ப நல்லோணம் வலிக்கணுண்டு" என்று யாரிடமோ பெருமையாகச் சொல்வதைக் கேட்டுவிட்டு அவசரமாக உள்ளே வந்தான். "அத்தான், அந்தப் பெரியவருக்கு எங்கயோ நல்லா வலிக்குதாம். சிரிச்சுக்கிட்டே சொல்லுதாரு. பாவம், தைலம் கியிலம் இருந்தா குடுங்க" என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். மலையாளத்தில் வலி என்றால் இழுப்பது. கயிற்றை வலிக்கலாம், பீடியை வலிக்கலாம், மேட்டில் வண்டி வலிக்கலாம். நமக்கு வலித்தால் அவர்களுக்கு அது வேதனை. போகட்டும், ஹம்ஸக்கா என்பதும் அக்கா இல்லை. ஹம்ஸா என்கிற இக்கா, அதாவது அண்ணன். இங்கே கொச்சியில், மட்டாஞ்சேரி பஜாரில் அரிசி மொத்தக்கடை வைத்திருக்கிறார்.

மச்சினனைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை கிடையாது. நான் இந்த ஊருக்கு வந்த அன்றைக்கே இதே வார்த்தையில் சறுக்கியவன். மனைவி சுமதிக்கு இங்கே ஒரு மசாலா ஏற்றுமதிக் கம்பெனியின் பரிசோதனைக்கூடத்தில் வேலை கிடைத்தது. அவளும் கைக்குழந்தையும் ரயிலில் வந்தார்கள், நான் என் பழைய பைக்கில் செங்கோட்டை வழியாக மலை ஏறி இறங்கி வந்து சேர்ந்தேன். புது வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எதிர்வீட்டுக்காரர் வந்து, "அண்ணாச்சி, வண்டி வலிக்கணுண்டா?" என்று கேட்டார். எவ்வளவு அக்கறையான மனுஷன் என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "ரொம்ப வலிக்குது. செங்கோட்டை தாண்டுனதுலேருந்து ஒரே வலி" என்றேன். அவர் என் ஓட்டை வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மரியாதையோடு பார்த்தார். அடுத்த சில வாரங்கள் தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாம் வண்டியைப் பற்றி விசாரித்தார்கள். அண்ணாச்சியின் வண்டி மலையெல்லாம் இழுத்துத் தள்ளுகிறது என்று ஹம்ஸக்கா பஜார் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அந்த அண்ணாச்சிக்கும் விளக்கம் உண்டு. எங்கள் ஊரில் அது மரியாதைச் சொல். இங்கே தமிழன் என்று அர்த்தம். சொல்கிறவரின் முகத்தைப் பார்த்துத்தான் அன்பா நக்கலா என்று கண்டுபிடிக்க வேண்டும்.

நான் இணையத்தில் பைக் ரிவ்யூ செய்பவன். இதைச் சொன்னால் ஊரில் பெரியவர்கள், "அது சரி, வேலைக்கு என்ன பண்றே" என்று கேட்பார்கள். கோவில்பட்டியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இருந்தேன். இங்கே வந்து, மனைவி வேலைக்குப் போக, குழந்தையைத் தூங்க வைத்துவிட்டுச் சும்மா இருக்க முடியாமல் ஒரு போனை வைத்துக்கொண்டு ஆரம்பித்ததுதான் இந்தச் சேனல். தமிழில் பேசுவேன், ஆனால் ஓட்டுவது மட்டாஞ்சேரியில். மழையில் கரைந்த சாலை, பஜார் சந்தில் எதிரே வரும் சரக்கு லாரி, கால் வைக்க இடமில்லாத நெரிசல். இதில் ஓடினால் எந்த ஊரிலும் ஓடும். கொச்சியில் மலை கிடையாது, பாலம்தான் மலை. அதனால் என் சேனலில் ஒரு வழக்கம் வந்தது. எந்த வண்டியானாலும் பின்சீட்டில் ஓர் அரிசி மூட்டையைக் கட்டித் தோப்பும்படிப் பக்கத்துப் பாலத்தில் ஏற்றுவேன். மூட்டை ஹம்ஸக்காவின் உபயம். அந்த மூட்டையைப் பார்க்கவே தமிழ்நாட்டில் ஒரு கூட்டம் இருந்தது.

இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இப்போது எங்கள் தொழிலில் யாருக்கும் நாளைக்கு என்ன என்று தெரியவில்லை. பெட்ரோல் வண்டி வாங்குவதா, சார்ஜ் போடுகிற வண்டியா என்று ஜனம் குழம்பிப்போய் எதையும் வாங்காமல் நிற்கிறது. கம்பெனிகள் வண்டி அனுப்புவதைக் குறைத்துவிட்டன. அனுப்பினாலும் கூடவே என்ன பேச வேண்டும் என்று ஒரு தாளும் வருகிறது. வண்டியைக் கண்ணால் பார்க்காத கம்ப்யூட்டர் குரல் ஒன்று, விளம்பரத் தாளைத் தமிழில் வாசித்து ஒரே நாளில் பத்து ரிவ்யூ போட்டுவிடுகிறது. அதற்குப் பசிக்காது, மழையில் நனையாது, மேட்டில் மூச்சு வாங்காது. என்னோடு ஆரம்பித்தவர்களில் பாதிப்பேர் ஷோரூம் வேலைக்குப் போய்விட்டார்கள். சுமதியின் வேலையும் ஒவ்வொரு மாதமும் நீட்டித்துக் கொடுப்பதாக மாறிவிட்டது. இந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு புதுக் கம்பெனியின் மின்சார ஸ்கூட்டர் வந்தது. கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொல்லாததற்குக் காரணம் பயமில்லை, இலவச விளம்பரம் எதற்கு என்பதுதான்.

முழு ரிவ்யூவுக்கு முன்னால் ஒரு நிமிட வீடியோ போடுவது வழக்கம். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல், கேமராவைப் பிடிக்க மட்டும்தான் தெம்பு இருந்தது. ஹம்ஸக்காவே மூட்டையோடு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பாலம் ஏறி வந்தார். இறங்கினார். பல வருடம் மூட்டை தூக்கிய இடுப்பு, அதனால் எதிலிருந்து இறங்கினாலும் கை தானாக இடுப்புக்குப் போகும். முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு, கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் அதே சிரிப்பு. இடுப்பில் கையும் முகத்தில் சிரிப்புமாகக் கேமராவைப் பார்த்து, "வலிக்கணில்ல கேட்டா. ஒட்டும் வலிக்கணில்ல" என்றார். வண்டி இழுக்கவில்லை, தெரிந்துகொள்ளுங்கள், கொஞ்சம்கூட இழுக்கவில்லை என்கிறார். எனக்கு வெட்டவெளிச்சமாகப் புரிந்தது. புரிந்ததால்தான் கீழே தமிழில் ஒரு வரி எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை. அப்படியே போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். இத்தனை வருடத்தில் என் காது இந்த ஊர்க் காதாகியிருந்தது, அது எனக்கே தெரியாது.

காலையில் போனை எடுத்தால் அது சூடாக இருந்தது. தமிழ்நாடே ஹம்ஸக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தது. 'இடுப்புப் பிடிச்ச அண்ணனுக்கே வலிக்கலையாம்', 'சீட்டுன்னா இது சீட்டு', 'இந்த இக்கா என் குலதெய்வம்' என்று கமெண்ட் குவிந்திருந்தது. நாகர்கோவில்காரர் ஒருவர் மட்டும், 'லேய், வண்டி இழுக்கலன்னுதாம்ல அவரு சொல்லுதாரு' என்று எழுதியிருந்தார். அவர்கள் பேச்சில் இந்த வார்த்தை இரண்டு அர்த்தத்திலும் புழங்கும். அவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. சுமதி படித்துப் படித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எங்கள் மகள் வீடியோவை இரண்டு முறை பார்த்துவிட்டு, "எந்தினா சிரிக்கணே? வண்டி வலிக்கலன்னுதானே இக்கா பறயுது" என்றாள். எதற்குச் சிரிக்கிறீர்கள், வண்டி இழுக்கவில்லை என்றுதானே சொல்கிறார் என்கிறாள். அவள் பள்ளியில் படிப்பது மலையாளம். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். அவளுக்கு இதில் ஜோக்கே இல்லை. ஒரே வார்த்தையை எங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு விதமாகக் கேட்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அந்தக் குவியலில் ஒரு பெண்ணின் கமெண்ட் இருந்தது. சேந்தமங்கலத்துக்காரர். அவருடைய அம்மா கொல்லிமலை மேலே இருக்கிறாராம், வாராவாரம் கீழே ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்து திரும்பக் கொண்டுபோய் விட வேண்டுமாம். 'அம்மாவுக்குத் தீராத இடுப்பு வலி அண்ணா. இந்த அண்ணனுக்கே வலிக்கலைன்னா எங்கம்மாவுக்கும் வலிக்காதுல்ல? வாங்கிடலாமா?' என்று கேட்டிருந்தார். என் சிரிப்பு அங்கே நின்றது. கொல்லிமலை வளைவுகள் எப்படிப்பட்டவை என்று எனக்குத் தெரியும். கொச்சிப் பாலத்தில் திணறிய வண்டி, பின்னால் ஒரு நோயாளி அம்மாவை வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு கொண்டை ஊசி வளைவில் நின்றுவிட்டால் என்ன செய்வார்கள்? பின்னால் பஸ் வரும்.

அன்றைக்கே கம்பெனியிலிருந்து போன். கார்த்திக் என்று ஒரு பையன், நல்ல பையன், மரியாதையாகப் பேசினான். "ப்ரோ, ஆபீஸ் பூரா உங்க இக்காதான். ஒட்டும் வலிக்கணில்ல. அதையே விளம்பர வாசகமா வெச்சுக்கலாம்னு மேல சொல்லிட்டாங்க. உங்களையும் சும்மா விடப் போறதில்ல. சென்னைக்கு வந்துடுங்க. எங்க வீடியோ டிபார்ட்மெண்டையே நீங்கதான் பார்த்துக்கணும். மாசச் சம்பளம், இன்சூரன்ஸ், எல்லாம்." எனக்குத் தலை கிறுகிறுத்தது, காய்ச்சலா சந்தோஷமா தெரியவில்லை. "கார்த்திக், ஒரு விஷயம். அவர் வலிக்கலைன்னு சொல்லல. இழுக்கலைங்கிறார். மலையாளத்துல அதுதான் அர்த்தம். வண்டி மேடு ஏறல" என்றேன். "ஓ" என்றான். பிறகு, "இது யார் யாருக்குத் தெரியும் ப்ரோ?" என்றான்.

"மலையாளம் தெரிஞ்ச எல்லாருக்கும்."

"நாம விளம்பரத்தைத் தமிழ்நாட்டுலதானே ஓட்டப் போறோம். தமிழ்ல வலிக்கலைன்னா வலிக்கலைதான். நாம ஒண்ணும் பொய் சொல்லலையே. முழு ரிவ்யூவை மட்டும் அந்த ஃபீல்லயே முடிச்சுக் குடுத்துடுங்க. மூட்டை, பாலமெல்லாம் வேண்டாம். அப்புறம் ஆஃபர் லெட்டர் அனுப்பிடறேன்."

இதைக் கேட்டுக் கொதித்தேன் என்று எழுதினால் அது கதை. உண்மையில் நான் போனை வைத்துவிட்டு அரை நாள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவன் சொன்னதில் ஓட்டையே இல்லை, அதுதான் எரிச்சல். தமிழில் அது பொய் இல்லை. அந்த சீட்டும் உண்மையிலேயே நல்ல சீட். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஊர் திரும்பிவிடலாம். இதைச் சுமதியிடம் சொன்னபோது அவள் கையிலிருந்த மிளகு வாசனையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "போகணும்னா போவோம். ஆனா சொந்த ஊருக்குத் திரும்புறோம்னு மட்டும் சொல்லாதீங்க. மெட்ராஸ் என்னைக்கு நமக்குச் சொந்த ஊரா இருந்துச்சு? அங்கயும் வீட்டுக்காரன் 'திருநெல்வேலிப் பக்கமா'ன்னுதான் கேப்பான்" என்றாள். ரிவ்யூவைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டேன். "மிளகுல பப்பாளி விதையைக் கலந்து கொண்டுவந்து, ரெண்டும் கருப்புதானே, பாஸ் போடுங்கம்மான்னா நான் போடுவேனா?" என்றாள். அவ்வளவுதான். எழுந்து அரிசி கழுவப் போய்விட்டாள்.

ஹம்ஸக்காவிடம் போனால் அங்கே வேறு கதை. விளம்பரம் என்றதும் மனுஷன் எழுந்தே நின்றுவிட்டார். துபாயில் இருக்கும் மகள் பார்ப்பாள், பேரப்பிள்ளைகள் பார்ப்பார்கள். தமிழ்நாட்டுக்காரர்கள் அவர் சொன்னதை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று விளக்கினேன். "என்றெ நடுவின்றெ காரியம் ஆரா சோதிச்சது?" என்று விழித்தார். என் இடுப்பைப் பற்றி யார் கேட்டது என்கிறார். பிறகு நிதானமாக, "அதினெந்தா அண்ணாச்சி, நடு வேதனிக்கணில்லான்னு ஞான் பறயாம்" என்றார். அதற்கென்ன, இடுப்பு வலிக்கவில்லை என்றே சொல்லிவிடுகிறேன் என்று அர்த்தம். சொல்லிவிட்டு எழும்போது கை இடுப்புக்குத்தான் போனது. வேண்டாம் இக்கா என்றேன். அவர் சிரிப்பு மாறாமலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்து பஜாரில் என்னைக் கண்டால் கடைக்குள் எதையோ தேடப் போய்விடுவார்.

இங்கே கொஞ்சம் கோபப்படுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதை வாசிக்கிற உங்களில் சிலர் இதே கொச்சியில் கலூரில் பரோட்டா போடுவீர்கள், சிலர் கட்டடச் சாரத்தில் நின்றுகொண்டு இதைப் போனில் தள்ளிக்கொண்டிருப்பீர்கள். நம்மிடம் எல்லோரும் எதிர்பார்ப்பது ஒன்றே ஒன்றுதான், ஏதாவது ஒரு பாஷையில் செவிடாக இருக்க வேண்டும். இங்கே வந்தால் நம்மைப் பாண்டி என்று இளக்காரமாகச் சொல்வது கேட்காத மாதிரி போக வேண்டும். அங்கே போனால் மலையாளம் தெரியாத மாதிரி இருக்க வேண்டும். ஏன் இருக்க வேண்டும்? எனக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது. ஒரு காதை அடைத்துக்கொண்டால் சம்பளம் தருகிறேன் என்று ஒருவன் சொன்னால், அந்த வேலையின் பெயர் என்னவாக இருந்தாலும் அது எனக்கு வேண்டாம்.

மறுநாள் வேறொரு கடையில் மூட்டை வாங்கினேன். அதே பாலம், அதே ஸ்கூட்டர். பாதி ஏற்றத்தில் வண்டி தள்ளாடி மாட்டுவண்டி வேகத்துக்கு வந்ததையும், பின்னால் லாரிக்காரர் ஹாரனில் திட்டியதையும், ஓர் ஆட்டோ என்னைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்ததையும் வெட்டாமல் வைத்தேன். பாலத்தின் ஓரமாக நிறுத்திப் பேசினேன். "சமதளத்துல இது நல்ல வண்டி. சீட்டும் நல்ல சீட்டு, எனக்கு நிஜமாவே வலிக்கல. ஆனா ஹம்ஸக்கா அன்னைக்கு அதைச் சொல்லல. மலையாளத்துல வலிக்கலைன்னா இழுக்கலைன்னு அர்த்தம். நான் கீழ எழுதியிருக்கணும், எழுதல. கொல்லிமலை ஏறப்போற அக்கா, இந்த வண்டி உங்களுக்கு வேண்டாம்." ஹம்ஸக்காவின் அந்த ஒரு வரியையும் நடுவில் சேர்த்து, இந்த முறை அர்த்தத்தோடு போட்டேன். ஸ்கூட்டரைத் துடைத்துத் திருப்பி அனுப்பினேன்.

கார்த்திக் ஒரே ஒரு செய்தி அனுப்பினான்: 'ஏன் ப்ரோ இப்படி.' அதற்கப்புறம் அவனும் இல்லை, ஆஃபர் லெட்டரும் இல்லை. வருவதாக இருந்த வேறு இரண்டு கம்பெனி வண்டிகளும் வரவில்லை. இந்தத் தொழிலில் எல்லோரும் எல்லோருக்கும் போன் செய்வார்கள். கமெண்டில், 'நீ மலையாளத்தான் ஆயிட்டடா, அங்கயே கிட' என்று மதுரைக்காரர் ஒருவர் வாழ்த்தினார். அதற்குக் கீழேயே, கேரளத்து ரோட்டில் வண்டி ஓட்டிக் குறை சொல்ல இந்தப் பாண்டி யார் என்று ஒரு மலையாளி கேட்டிருந்தார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் லைக் போட்டுக்கொள்ளாததுதான் பாக்கி. இரண்டையும் அழிக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன். நான் எங்கேயும் போகிறதாக இல்லை.

சேந்தமங்கலத்துப் பெண்ணும் எழுதினார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன், நல்ல திட்டு கிடைத்தது. 'இதை முதல் நாளே சொல்றதுக்கு என்ன? அட்வான்ஸ் குடுத்துட்டேன். இப்ப அவன்கிட்டப் போய்ச் சண்டை போட்டு வாங்கணும்.' நியாயமான திட்டு, வாங்கிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு வரி வந்தது. 'சரி அண்ணா, அப்ப அம்மாவை வெச்சுக்கிட்டு மேட்டுல நல்லா வலிக்கிற வண்டி எது? அதைச் சொல்லுங்க.' அதைச் சுமதியிடம் காட்டினேன். கேரளாவுக்கே வராத ஒரு பெண், வலிக்கிற வண்டி வேண்டும் என்று கேட்கிறார். சுமதி வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள், பிறகு மறுபடி வாசித்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஹாரன் சத்தம். ஹம்ஸக்கா தன் ஸ்கூட்டரோடு நின்றார். துபாயிலிருந்து மகள் போன் செய்தாளாம். வாப்பா தமிழ் வீடியோவில் வந்திருக்கிறார், அதுவும் அர்த்தத்தோடு வந்திருக்கிறார் என்று அங்கே வேலை செய்யும் தமிழர்களே அவளிடம் சொன்னார்களாம். அந்தப் பெருமையை நேராகச் சொல்ல அவருக்கு வெட்கம். சாவியை நீட்டி, "அண்ணாச்சி, இதொண்ணு ஓடிச்சு நோக்கு" என்றார், இதை ஒருமுறை ஓட்டிப் பார் என்று. கம்பெனி வண்டி வராவிட்டால் என்ன, தெருவில் இத்தனை வண்டி நிற்கிறதே என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. மூட்டையைத் தேடினேன். "மூட்டை எதுக்கு, அந்தப் பொண்ணு கூட்டிட்டுப் போறது அம்மாவை. நான் வர்றேன்" என்று சுமதி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினாள். "மூட்டையை விட நான் ஒண்ணும் குறைச்சல் இல்ல" என்றும் சொல்லிக்கொண்டாள்.

பாலத்தின் அடியில் ஹம்ஸக்காவை இறக்கிவிட்ட ஆட்டோ கிளம்பிப் போனது. அவர் கேமராவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் ஏற ஆரம்பித்தோம். ஒரு பக்கம் காயல், எதிரே ஐலண்ட் என்கிற துறைமுகத் தீவின் மரங்கள், காற்று. பாதி ஏற்றத்தில், போன தடவை திணறிய அதே இடத்தில், சுமதி முன்னால் குனிந்து என் காதருகே கேட்டாள். அந்தச் சென்னை வேலையைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று அவள் குரலிலேயே தெரிந்தது.

"வலிக்குதா?"

கீழேயிருந்து ஹம்ஸக்காவும் அதையேதான் கத்தினார். "வலிக்கணுண்டா அண்ணாச்சி?"

"எந்த பாஷையில கேக்குறே?" என்றேன்.

"எதுல வேணா சொல்லுங்க."

"ரெண்டுலயும் வலிக்குது" என்று சொல்லி ஆக்ஸிலரேட்டரை முறுக்கினேன்.